டாக்டர் பட்டம், கடைக்காரர் கணக்கு

யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்க்காதவர் குறைவு. நீள மேஜையில் ஒருவர் படுத்திருப்பார். முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டர் அவர் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, எதிர்பாராத நொடியில் ஒரு திருப்பு. ‘படக்!’ எலும்பு இடம் மாறி உட்காரும் சத்தம் அல்ல அது. மூட்டுத் திரவத்தில் சட்டென ஒரு வாயுக்குழி உருவாவதை, 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலைச் சொடுக்க வைத்து எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்தே காட்டிவிட்டார்கள். பார்க்கிற நம் ஆட்களுக்கு அதற்கடுத்த சந்தேகம் வந்துவிடும்: ஒரு சொடக்குக்கு எவ்வளவு வாங்குவார்?

தொழில் பிறந்து வளர்ந்த அமெரிக்காவிலேயே இதற்குப் பதில் கிடைக்கிறது. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, கைரோபிராக்டரின் ஆண்டு ஊதியம் 79,000 டாலர். பாதிப் பேர் இதற்கு மேலே, மீதிப் பேர் கீழே. ரூபாயில் பெருக்கி வாயைப் பிளக்க வேண்டாம். அதே பட்டியலில் பிசியோதெரபிஸ்டுக்கு 1,01,020 டாலர், நர்ஸுக்கு 93,600. நர்ஸ் இரண்டு அல்லது நான்கு வருடப் படிப்போடு வேலையில் சேர்ந்துவிடுகிறார். கைரோபிராக்டரோ கல்லூரியில் ஏறத்தாழ மூன்று வருடம், அதன்மேல் 4,200 மணி நேரத்துக்குக் குறையாத டி.சி. (டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்) படிப்பு, நான்கு பகுதிகளாகத் தேசியத் தேர்வு, பிறகு மாநில உரிமம் என்று எல்லாம் முடித்துத்தான் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்கிறார்.

இந்த 79,000இல் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் கணக்கெடுப்பு சம்பளக்காரர்களை மட்டுமே எண்ணுகிறது. சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறவர்கள் அதில் வரமாட்டார்கள். இந்தத் தொழிலில் அவர்கள் சிறு கூட்டமல்ல, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரும் பணம் பார்ப்பவர்களும், கடனில் மூழ்குபவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 80 வருகைகள், ஒரு வருகைக்குக் கையில் வருவது 45 டாலர், வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வசூல் 1,72,800 டாலர். கேட்க ஜோராக இருக்கிறது. வாடகை, வரவேற்பில் ஒரு பெண், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு பில் அனுப்ப ஒரு ஆள், வழக்கு வந்தால் காப்பாற்றும் பாலிசி, விளம்பரம் என்று அறுபது சதவீதம் போனால் மிச்சம் 69,000 சொச்சம். படிப்புக் கடன் 1,80,000 டாலர், வட்டி ஏழரை சதவீதம், பத்து வருடத் தவணை என்றால் மாதம் 2,100 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். ஆக, வரிக்கு முன்னால் கையில் நிற்பது 43,000 சொச்சம். வருகையை 80லிருந்து 120 ஆக்கினால் கதையே மாறிவிடும். வாடகையும் தவணையும் அப்படியே இருக்க, கூடுதல் வசூலில் பெரும்பகுதி பைக்குள் வந்துவிடும். கிளினிக் நடத்துகிறவரின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த 40 வருகைகள்தாம்.

வியாபாரம் இந்தத் தொழிலின் ரத்தத்திலேயே கலந்தது. 1895இல் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் இதைத் தொடங்கிய டேனியல் டேவிட் பாமர் அதற்குமுன் தேனீ வளர்த்தவர், மளிகைக் கடை நடத்தியவர். உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906இல் சிறைக்கும் போனார். மகன் பி.ஜே. பாமர் அப்பாவை விடக் கெட்டிக்காரர். விளம்பரத்துக்கென்று டபிள்யூ.ஓ.சி. என்ற வானொலி நிலையத்தையே வாங்கிவிட்டார். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான்!

விளம்பரத்தில் இவ்வளவு முனைப்புக் காட்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கைரோபிராக்டருடன் தொடர்பு வைத்துக்கொள்வதே தொழில் ஒழுக்கக்கேடு என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் நெடுங்காலம் தன் உறுப்பினர்களைத் தடுத்து வைத்திருந்தது. டாக்டர்கள் யாரையும் அனுப்ப மாட்டார்கள், ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. வேறென்ன செய்ய? நோயாளியைத் தானே தேடிப் பிடிக்க வேண்டியதுதான். 1976இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 1987இல் நீதிபதி சூசன் கெட்செண்டானர் சங்கத்தின் தடை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். கதவு திறந்தது. ஆனால், தேடிப் பிடிக்கும் பழக்கம் போகவில்லை.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைரோபிராக்டர்களைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் கஞ்சத்தனமாக. முதுகெலும்பைக் கையால் சரிசெய்வதற்கு மட்டுமே பணம். அவர்கள் எழுதித் தரும் எக்ஸ்ரேக்குக் கிடையாது, பரிசோதனைக்குக் கிடையாது. வலி தீர்ந்தபின் ‘சும்மா பராமரிப்புக்கு’ வந்தால் அதற்கும் கிடையாது. எனவே பலர் ரொக்கத்துக்கு மாறிவிட்டார்கள். முப்பது வருகைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பது ஒரு வகை. ‘தி ஜாயின்ட்’ போன்ற சங்கிலி நிறுவனங்கள் ஜிம் மாதிரி மாதச் சந்தாவே வாங்குகின்றன. இன்சூரன்ஸ் தொல்லை இல்லை, முன்பதிவும் வேண்டாம்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். கீழ்முதுகு வலிக்கு மாத்திரையைத் தேடுமுன் கையால் செய்யும் இந்தச் சிகிச்சையையும் முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரியே 2017இல் வழிகாட்டியது. புதிதாக வந்த முதுகுவலி பெரும்பாலும் நாளடைவில் தானாகவே குறைந்துவிடும் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அப்படியானால், சில வாரங்களில் “இனி வர வேண்டாம்” என்று சொல்கிற யோக்கியர் தன் வாடிக்கையைத் தானே இழக்கிறார். குழந்தையின் காதுவலி முதல் அஜீரணம் வரை எல்லாவற்றுக்கும் முதுகெலும்பே காரணம் என்று எக்ஸ்ரேயைச் சுவரில் மாட்டிப் பயமுறுத்துகிறவருக்கு வாரம் 120 வருகை நிச்சயம். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இந்த இழுபறியை வருமானத்தின் பேச்சிலிருந்து பிரிக்க முடியாது.

கடன் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 2025இல் இயற்றிய சட்டப்படி, 2026 ஜூலை முதல் மேற்படிப்புக்கு அரசுக் கடனின் உச்சவரம்பு மொத்தம் ஒரு லட்சம் டாலர். ‘தொழில்முறைப் பட்டம்’ என்றால் இரண்டு லட்சம். கைரோபிராக்டிக் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. கல்வித் துறை 2025 இறுதியில் முன்வைத்த வரையறையில் பிசியோதெரபிக்கும் நர்சிங் மேற்படிப்புக்கும் அங்கே இடமில்லை. குறைவாகச் சம்பாதிப்பவருக்குத்தான் அதிகக் கடன் வாங்கச் சலுகை!

கடை வைக்க மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் சம்பளம், விடுமுறை, ஓய்வூதியத்தோடு கைரோபிராக்டர்கள் வேலை செய்கிறார்கள். இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. புதிதாக வெளியே வருகிறவர் பெரும்பாலும் ஒரு மூத்தவரிடம் உதவியாளராகத்தான் சேர்கிறார். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிக்க வேண்டும்: சம்பளம் நிலையானதா, வசூலில் பங்கா என்பது ஒன்று, வேலையை விட்டால் எத்தனை மைல் சுற்றளவுக்குள் கிளினிக் திறக்கக் கூடாது என்பது இன்னொன்று.

இதெல்லாம் உடம்பு ஒத்துழைக்கும்வரைதான். நாள் முழுக்கக் குனிந்து, தன் எடையைக் கைகளின் வழியே இன்னொருவர் முதுகில் இறக்குகிற வேலை இது. மணிக்கட்டும் தோளும் கீழ்முதுகும் முதலில் மக்கர் செய்யும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாத சிறு கிளினிக்கில், டாக்டர் மூன்று வாரம் படுத்துவிட்டால் அந்த மூன்று வாரமும் வசூல் பூஜ்யம், வாடகை மட்டும் முழுசு. வேலை செய்ய முடியாமல் போனால் மாத வருமானம் தரும் பாலிசியை எடுத்த பிறகு மேஜை வாங்குவது நல்லது.