டிக்கெட் வரிசையில் மனிதர் பாதி, எந்திரம் பாதி!

காலை மணி 11. பொங்கலுக்கு ஊர் போக, தாராவியில் இருந்தபடியே நாகர்கோவில் ரெயிலுக்குத் தட்கல் டிக்கெட் எடுக்க செல்போனைத் தட்டுகிறார்கள். பெயர், வயது போடுவதற்குள் "வெயிட்டிங் லிஸ்ட்" வந்து விடுகிறது!

இத்தனை பேரா ஊருக்குப் போகிறார்கள்? இல்லை. தட்கல் திறந்த முதல் 5 நிமிடத்தில், உள்ளே நுழையும் முயற்சிகளில் பாதி வரை மனிதருடையதே அல்ல என்று 2025-ல் ரெயில்வே கணக்குச் சொன்னது. எல்லாம் 'பாட்' என்னும் கம்ப்யூட்டர் புரோகிராம்களின் வேலை. முன்கூட்டியே எழுதி வைத்த விவரங்களை அவை கண் இமைப்பதற்குள் நிரப்பி விடும்.

மனித விரலுக்கு எட்டாத வேகம், ஒரே இடத்தில் இருந்து வந்து குவியும் விண்ணப்பங்கள், காரியம் முடிந்ததும் கைவிடப்படும் இ-மெயில் முகவரி: பாட்டை இனம் காண இவையே வழி. இப்படிச் சல்லடை போட்டு, சந்தேகத்துக்குரிய 2½ கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. 2025 ஜூலை முதல், ஆதார் சரிபார்த்தவருக்கே ஆன்லைன் தட்கல். ஏஜெண்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் கதவடைப்பு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஊரில் ஆதார் எடுத்தபோது கொடுத்த பழைய போன் நம்பர் இப்போது கையில் இல்லாத தொழிலாளிக்கு ஓ.டி.பி. வராது. பாட்டோடு சேர்ந்து அவரும் வெளியேதான். ஆதார் மையத்துக்குப் போய்ப் புது நம்பரைப் பதிய வேண்டும். அதையும் பொங்கல் நெருங்கும் முன்பே செய்ய வேண்டும்.