ஆதாரம் தேடிய பெருமகன் பி.என். பாண்டே

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. சென்ற விடுமுறையில் மதரஸா மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். மதில்மேல் நின்ற ஒரு மாணவன், "ஹஜ்ரத், மதம் மாற்ற முயன்ற திப்பு சுல்தானுக்கு அஞ்சி மூவாயிரம் பிராமணர்கள் தற்கொலை செய்துகொண்டார்களாமே?" என்று கேட்டான். "பொய்" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆயினும், ஆதாரமற்ற குற்றச்சாட்டும் ஆதாரமற்ற மறுப்பும் தராசில் ஒரே எடைதான். எனவே பிஷம்பர்நாத் பாண்டேயின் வரலாற்றை அவனுக்குக் கூறினேன்.

1906-இல் பிறந்த பாண்டே, காந்தியடிகளின் வழியில் நின்று விடுதலைப் போரில் சிறை சென்றவர். 1928-இல் அலகாபாத்தில் ஒரு பாடநூலில் இதே செய்தியைக் கண்டார். "இதற்கு ஆதாரம் என்ன?" என்று நூலாசிரியருக்கு விடாது கடிதம் எழுதினார். மைசூர் கெசட்டியர் என்று பதில் வந்தது. உடனே மைசூருக்கு எழுதினார். கெசட்டியரின் புதிய பதிப்பைத் தயாரித்து வந்த பேராசிரியர் ஸ்ரீகண்டையா, அப்படியொரு செய்தியே அதில் இல்லை என்றார். 156 கோயில்களுக்குத் திப்பு ஆண்டுதோறும் மானியம் அளித்த பட்டியலையும், சிருங்கேரி மடத்துக்கு அவர் எழுதிய கடிதங்களின் நகல்களையும் அனுப்பிவைத்தார்.

பின்னர் அலகாபாத் நகராட்சித் தலைவராக இருந்தபோது, கோயில் சொத்து வழக்கொன்று பாண்டேயிடம் வந்தது. ஔரங்கசீப் வழங்கிய மானிய ஃபர்மான்களை ஒரு தரப்பினர் காட்டினர். போலியாக இருக்குமோ என்று ஐயுற்ற அவர், பாரசீகம் அறிந்த சட்ட மேதை சர் தேஜ் பகதூர் சாப்ருவை நாடினார். அவை உண்மையானவையே என்றார் சாப்ரு. அதன்பின் நாடெங்குமுள்ள கோயில்களுக்கு எழுதி, உஜ்ஜயினி, குவாஹாட்டி போன்ற இடங்களிலிருந்தும் ஃபர்மான் நகல்களைத் திரட்டினார். ஔரங்கசீப் காலத்தில் கோயில்கள் இடிக்கப்பட்டதை அவர் மறைக்கவில்லை. அதற்கான அரசியல் காரணங்களை ஆராய்ந்தார். இருபக்கத்தையும் காட்டுபவனே வரலாற்றாசிரியன்!

1983 முதல் 1988 வரை ஒரிசா ஆளுநராக இருந்த அப்பெரியார் 1998-இல் மறைந்தார். முஸ்லிம் மன்னர்கள் மீதான பழியைத் துடைக்க ஓர் இந்துப் பெருமகன் முன்வந்தார். அது நமக்கு ஆறுதல் மட்டுமன்று, கடமையை உணர்த்தும் பாடமுமாகும்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் புகழைக் கற்கள் காத்து நிற்கின்றன. நம் ஊர்ப் பள்ளிவாசல்களின் கதையோ பெட்டிகளில் உறங்குகிறது. ஒரு மஹல்லாவில் பழைய வக்ஃபுப் பத்திரத்தைப் பார்க்கக் கேட்டேன். கரையான் தின்றதுபோக எஞ்சிய பாதித் தாளே கைக்கு வந்தது. நிலத்தின் எல்லை எழுதப்பட்டிருந்த பகுதி போயே போயிற்று!

அன்புப் பெற்றோரே! கேட்டதையெல்லாம் நம்பாமல் தீர விசாரிப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். "எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வீட்டிலும் பள்ளிவாசலிலும் உள்ள பழைய பத்திரங்களை இன்றே எடுத்து நகல் செய்து வையுங்கள். நாளை அவர்கள் கேட்கும்போது காட்டுவதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா?