பழைய துவக்கின் இரண்டு பிறவிகள்

கற்பிட்டிக் கரையில் துருப்பிடித்த ஆயுதம் எது அகப்பட்டாலும் அதனை ஒல்லாந்தர் தலையில் கட்டிவிடுவது நம்மவர் வழக்கம். 1667ஆம் ஆண்டில் அவர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் கண்முன்னே நிற்பதால் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும், கதவுத் தாழைப் போல முன்னும் பின்னும் தள்ளும் உறுப்புடைய துவக்கு அவர்களுடையதாக இருத்தல் இயலாது. கோட்டையை அவர்கள் ஆங்கிலேயரிடம் இழந்தது 1795இல். லீ-என்பீல்ட் என்னும் தாழ்த் துவக்கை ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்டது 1895இல். நூறு ஆண்டு இடைவெளி! இரண்டாம் உலகப் போரின்போது பாலாவி விமானத் தளத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு தங்கியிருந்ததையும் நாம் மறந்துவிடுகிறோம்.

அத்தகைய துவக்கு அகப்பட்டால் முதற்கண் அதனைத் தொடாதிருத்தல் வேண்டும். உள்ளே தோட்டா கிடக்கக்கூடும். அன்றியும், 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி அதனை வைத்திருத்தல் குற்றம். பொலிசாருக்கு அறிவித்து, அவர்கள் சோதித்து வெறுமையாக்கிய பின்னரே ஆராய்ச்சி.

சோங்கு இரும்போடு சேரும் கழுத்துப் பகுதியில் முடிச் சின்னமும், அரசர் பெயரின் முதலெழுத்துகளும், செய்த இடமும், ஆண்டும் பொறித்திருக்கும். ‘ஜீ.ஆர்.’ எனில் ஜோர்ஜ் மன்னர் காலம். ‘ஜீ.ஆர்.ஐ.’ எனில் அவர் இந்தியச் சக்கரவர்த்தியுமாவார். அத்துவக்கு வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் பிறந்ததாகலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுவர். அந்த ஆண்டு உடலுக்குரியது, குழலுக்குரியதன்று. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் தம் வீரரின் குறி போதாமையை ஆங்கிலேயர் உணர்ந்தனர். ஆனால் .303 அங்குலத் தோட்டா விலை கூடியது, தோளை உதைப்பது, நெடுந்தூர வெளி வேண்டுவது. ஆகவே பழைய துவக்குகள் பலவற்றின் குழலைக் குடைந்து மெல்லிய குழாயொன்றைச் செருகினர். அல்லது குழலையே மாற்றி.22 அங்குலமாக்கினர். எடையும் பிடியும் பெரிதும் அவ்வாறே இருந்தமையால், இருபத்தைந்து யார் தூரத்திலேயே இளைஞர் மலிவாகப் பயின்றனர். நம் நாட்டில் 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தோன்றியது போன்ற மாணவர் படைகளுக்கு ஏற்ற ஆயுதம் அது.

மாற்றத்தைக் கண்டுபிடிப்பதெப்படி? பழைய குழலின் துளை சாதாரணப் பென்சிலிலும் சற்றே பருமன். மாற்றிய குழலில் பென்சில் நுழையாது. குழாய் செருகியதாயின் வாயில் வளையத்துள் வளையம் தெரியும். தோட்டாப் பெட்டி வில்லின்றி வெறுங்கூடாயிருக்கும்; சுட்ட கோதுகள் விழுவதற்கே அது பயன்பட்டது. என் கருத்தில் மிக நம்பத்தக்க சான்று தாழின் முகப்பாகும். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்பிலே உள்ளது. ஆதலால் அடிக்கும் ஊசி வெளிவரும் துளை நடுவில் இராது, ஓரமாக விலகியிருக்கும்.

புத்தளத்து உப்புக் காற்று முதலில் தின்பது மேலோட்டமாகப் பொறித்த எழுத்துகளையே. துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் எஞ்சியதையும் அழித்துவிடுவர். எண்ணெய் தோய்ந்த துணியால் ஒற்றினாற் போதும். குழலின் அடியிலே, சோங்கின் கழுத்துக்கு முன்னால், தனியே இரண்டு இலக்கத்தில் ஓர் ஆண்டு தென்படலாம். கழுத்திலுள்ள ஆண்டோடு அதனை ஒப்பிடுக. பல ஆண்டு பிந்தியதாயின் அது பிறவிக் குழலன்று.