மாரடைப்புக்குப் பின் நடக்கலாமா?



மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவரை வீட்டார் கட்டிலை விட்டு எழ விடுவதில்லை. "நெஞ்சு தாங்காது" என்று பயப்படுகிறார்கள். அன்பினால் செய்கிறார்கள், ஆனால் அதுவே அவருக்குத் தீங்காய் முடியக்கூடும்.

இருதயத் துடிப்பை இருவகை நரம்புகள் ஆளுகின்றன. பரிவு நரம்புகள் வண்டிக்காரனின் சாட்டை போன்றவை, துடிப்பை முடுக்கும். வேகஸ் நரம்பு கடிவாளம் போன்றது, அமர்த்தும். மாரடைப்புக்குப் பின் சாட்டை ஓங்குகிறது, கடிவாளம் தளர்கிறது. அவ்வாறு தளர்ந்தவர்களிடையே மரணம் அதிகம் என்பதை 1,284 நோயாளிகளைக் கவனித்த ஆய்வொன்று 1998-ல் காட்டியது.

இன்னொரு ஆபத்து அழற்சி. சேதமான தசையை ஆற்ற உடல் மூட்டும் நெருப்பு அது. ஆறியபின்னும் அது கனன்றால், இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து மறுபடியும் அடைப்பு வரலாம். இந்த இரண்டுக்கும் தொடர்புண்டு. வேகஸ் நரம்பு அழற்சியையும் தணிக்கிறது என்று அமெரிக்க மருத்துவர் கெவின் டிரேசியின் குழுவினர் 2000-ல் விலங்குகளில் கண்டார்கள்.

ஒழுங்கான நடைப்பயிற்சி கடிவாளத்தை மீண்டும் இறுக்குகிறது. ஓய்விலிருக்கும்போது நாடித்துடிப்பு குறைகிறது. இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களும் தணிகின்றன.

யோகா பயிற்சியும் நம் நாட்டில் சோதிக்கப்பட்டது. 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு கண்ட 3,959 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது. மரணமோ மறு மாரடைப்போ அதனால் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் பயின்றவர்கள் அதிக சுகத்தை உணர்ந்தார்கள்; பழைய வேலைகளுக்கும் நன்றாய்த் திரும்பினார்கள்.

நம் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பது வழக்கம். நெஞ்சுவலி கண்டவர் எடுத்த எடுப்பில் அதற்குத் துணியலாகாது. மருத்துவர் அனுமதித்தபின் முதலில் வராந்தா, பிறகு தெருமுனை, பிறகு கடைத்தெரு என்று நாளுக்குநாள் கூட்டவேண்டும். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தி, மருத்துவமனைக்கு வரவேண்டும். நடக்கிறோம் என்று மாத்திரைகளை விட்டுவிடக் கூடாது.

உங்கள் சபையில் இப்படிப்பட்டவர் இருந்தால், பழங்களோடு போய்ப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மருத்துவர் சம்மதித்திருந்தால் அவரோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் ஒருவர் நடந்தால் பயம் பாதி போய்விடும்.