கம்பளியும் கணக்கும்

மலைநாட்டில் வாழும் நமக்குக் கம்பளி புதிய பொருள் அல்ல. கடல் கடந்து வந்த நம் முன்னோர் கருப்புக் கம்பளியைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டே மழையிலும் பனியிலும் மலைக்குப் போனார்கள். தோட்டம் கொடுத்த அந்தக் கம்பளி இனாம் அல்ல. அதன் விலை அவர்கள் பேரில் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஆகவே கம்பளியும் கணக்கும் சேர்ந்தே நம் வாழ்வுக்குள் வந்தன. இன்று கம்பளி நூலைக் கையில் எடுத்துச் சுயதொழில் செய்ய விரும்பும் சகோதரிகளுக்கும் கணக்கே முதற்பாடமாக இருக்கவேண்டும்.

வெலிமடைப் பகுதியில் பின்னல் பழகும் பெண்கள் குழுவொன்றுடன் அண்மையில் ஒருநாள் நுவரெலியாவுக்குச் சென்று வந்தோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்த செய்தி இந்த மாவட்டத்தில் எவருக்கும் மறக்கவில்லை. அத்தகைய அபாயம் காரணமாகக் குடியிருப்பையும் மரக்கறிப் பாத்தியையும் விட்டு இறங்கிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இக்குழுவில் உண்டு. உருளைக்கிழங்கும் போஞ்சியும் போட்ட கைகள் இப்போது ஊசி பிடிக்கின்றன.

கெப்பெட்டிப்பொல, ஹக்கல வழியாக பஸ் ஏறிச் சென்றது. நுவரெலியாவில் குளிருடுப்புக் கடைகள் வரிசையாக உள்ளன. சுவெட்டர், ஜக்கட், தொப்பி, காலுறை என்று குவித்து வைத்திருக்கிறார்கள். ஏற்றுமதிக்காகத் தைத்து மிஞ்சிய உடுப்புகளும் அவற்றில் நிறைய இருக்கும். நம் பெண்கள் ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தார்கள். பின்னர் விலையைக் கேட்டார்கள். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

“பாதர், நாங்க நூல் வாங்குற காசுக்கே இங்க சட்டையைத் தாறாங்களே! நாங்க பின்னி யாருக்கு விக்கிறது?” என்று ஓர் அம்மா கேட்டார். அன்றைய பயணத்தின் பயன் அந்தக் கேள்விதான்.

மலிவுக்குக் காரணம் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஆட்டு மயிரால் ஆனவை அல்ல. பெற்றோலியத்திலிருந்து செய்யப்படும் அக்ரிலிக் நூலால் ஆனவை. பின்னுவதும் இயந்திரம். ஒரு சிறு சோதனையை எவரும் செய்து பார்க்கலாம். நூலின் நுனியை நெருப்பில் காட்டுங்கள். அசல் கம்பளி தலைமயிர் கருகும் வாசனையுடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கட்டியான மணி போலாகும். அசல் கம்பளி தன் எடையில் சுமார் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் உடலுக்கு ஈரமாகத் தெரியாது. ஆனால் அதன் விலை அதிகம். யாழ்ப்பாணத்துச் செம்மறியும் இறைச்சிக்கே வளர்க்கப்படுகிறது; அதன் உடலில் நூற்பதற்கேற்ற கம்பளி இல்லை.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்த ஒரு மக்கள் உண்டு. 1959இல் திபெத்தை விட்டு வெளியேறியவர்களுள் பெருந்தொகையானோர் விவசாயிகளும் மந்தை மேய்ப்பவர்களுமே. இந்தியாவின் வடக்கே அவர்கள் வீதி போடும் கூலிகளாக வேலை செய்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபரில் டார்ஜிலிங்கில் அகதிகளுக்கான சுயவுதவி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டு, கம்பள நெசவும் கம்பளி வேலையும் நடைபெற்றன. 1960களின் தொடக்கத்தில் மைசூர் மாநிலத்தின் பைலக்குப்பையில் காடு வெட்டி நிலம் கொடுக்கப்பட, பலர் அங்கே சோளம் பயிரிடும் விவசாயிகளாயினர்.

ஆனால் நிலம் மட்டும் போதவில்லை. பெண்கள் கையால் பின்னிய சுவெட்டர்களைத் தெருவோரத்தில் விற்றார்கள். காலப்போக்கில் கைப்பின்னல் இயந்திரத்துக்கு ஈடுகொடுக்காது என்பதைக் கண்டு, பஞ்சாபின் லுதியானா ஆலைகளில் உடுப்பைக் கடனுக்கு எடுத்து, அறுவடை முடிந்த குளிர்காலத்தில் ஊர் ஊராக விற்று, பருவ முடிவில் கடனைத் தீர்க்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். ஊட்டியில் தாவரவியற் பூங்காவுக்கு அருகே அவர்களின் சந்தை இருக்கிறது. சுவெட்டரை இயந்திரத்துக்கு விட்டார்கள். கைவேலைக்கு மதிப்புள்ள கம்பளத்தைக் கைவிடவில்லை.

நாமும் எழுதிப் பார்ப்போம். பெரியவர் ஒருவரின் சுவெட்டருக்கு அரைக் கிலோ அளவில் நூல் வேண்டும். பின்ன 40 மணித்தியாலம் செல்லும். உதாரணத்துக்கு, நூல் 2,500 ரூபா, விற்பனை 4,000 ரூபா என்று வையுங்கள். மிச்சம் 1,500 ரூபா. மணித்தியாலத்துக்கு 37 ரூபா 50 சதம். குழந்தைத் தொப்பி ஒன்றுக்கு நூல் 250 ரூபா, விற்பனை 650 ரூபா, வேலை 4 மணித்தியாலம் என்றால், மணித்தியாலத்துக்கு 100 ரூபா. விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. பெண்ணின் இரவு நேரத்துக்கும் கண்பார்வைக்கும் கூலி எழுதாத கணக்கு, பழைய கம்பளிக் கணக்கைப் போலவே நம்மைக் கடனாளியாக்கும்.

ஆகவே குழுக்கள் இவற்றைச் சிந்திக்கலாம். முதலில் நம் பிள்ளைகளின் குளிருக்காகப் பின்னுவோம். அதில் நட்டமில்லை, கையும் பழகும். விற்பனைக்குச் சிறு பொருட்களைத் தெரிவுசெய்வோம். எல்ல, தெமோதரைப் பக்கம் வரும் பிரயாணிகள் கையால் செய்த பொருளைத் தேடி வாங்கக்கூடியவர்கள். நூலைச் சேமிப்புக் குழுவின் மூலம் மொத்தமாக வாங்குவோம். நூலைத் தந்து துண்டுக்கூலி பேசும் தரகரிடம், ஒரு பொருளை முடிக்க எத்தனை மணித்தியாலம் என்பதை எண்ணிய பின்னரே சம்மதம் சொல்வோம்.

நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது சிலர் ஒவ்வொரு உருண்டை நூல் வாங்கி வந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு தொப்பியும், அதற்குச் செலவான நேரத்தைக் குறித்த ஒரு துண்டுக் காகிதமும் கொண்டுவருவதென்று அவர்களே தீர்மானித்தார்கள். உங்கள் ஊர்க் குழுவிலும் இதைச் செய்து பாருங்கள். தொப்பியைவிட அந்தத் துண்டுக் காகிதம் அதிகம் கற்றுத்தரும்.