பைகளில் உருளைக்கிழங்கு வளர்ப்பு

பைகளில் உருளைக்கிழங்கு வளர்ப்பு என்பது சாக்கு, வளர்ப்புப் பை, தொட்டி, பழைய வாளி போன்ற கொள்கலன்களில் உருளைக்கிழங்குச் செடியை வளர்த்து அறுவடை செய்யும் வீட்டுத் தோட்ட முறையாகும். விளைநிலம் இல்லாதவர்கள் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் இதனைச் செய்யலாம். நிலத்தை உழவோ கிழங்கைத் தோண்டி எடுக்கவோ தேவையில்லை. பையைக் கவிழ்த்தே அறுவடை செய்யலாம். எனினும் குளிர்ந்த இரவுகளும் நோயற்ற விதைக்கிழங்கும் இதற்கு இன்றியமையாதவை. இவ்விரண்டும் அமையாவிடில் செடி செழித்து வளர்ந்தும் கிழங்கு கிடைக்காமல் போகலாம்.

தாவரவியல் அடிப்படை

உருளைக்கிழங்கு (சொலானம் டியூபரோசம்) தென் அமெரிக்காவின் ஆண்டீய மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்டது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியனவும் இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றில் உணவாகும் பகுதி பருத்த வேராகும். உருளைக்கிழங்கோ வேர் அன்று. அது மண்ணுக்குள் பருத்த தண்டு ஆகும். வளர்ப்பு முறையின் பல படிகள் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

கிழங்கின் மேல் காணப்படும் "கண்கள்" தண்டின் கணுக்களில் உள்ள மொட்டுகளாகும். ஆகவே கண் உள்ள ஒரு துண்டிலிருந்து முழுச் செடி தோன்றக்கூடும். செடி வளரும்போது, மண்ணுள் புதைந்த தண்டின் கணுக்களிலிருந்து மெல்லிய கிளைத்தண்டுகள் பக்கவாட்டில் படர்கின்றன. அவற்றின் நுனியில் மாச்சத்து சேர்ந்து கிழங்கு உருவாகின்றது. கிளைத்தண்டு வெளிச்சத்திற்கு வந்துவிட்டால் கிழங்காகப் பருக்காமல் இலை விட்டு வளரும். செடியின் அடியில் மண் அணைப்பது இதனால்தான்.

தட்பவெப்பநிலை

கிழங்கு உருவாக 15 முதல் 20 பாகை செல்சியசு வரையான மண் வெப்பநிலை ஏற்றது. வெப்பம் கூடுந்தோறும் கிழங்கு பிடிப்பது குறைந்து, 30 பாகையை நெருங்கும்போது ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. பகல் சற்று வெப்பமாக இருப்பினும் இரவு குளிர்ந்திருந்தால் பயிர் ஓரளவு தாங்கும்.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இம்முறை எளிதில் கைகூடும். இலங்கையில் நுவரெலியா, பதுளை ஆகிய மலைப்பகுதிகளிலும், குளிர்ந்த பருவத்தில் யாழ்ப்பாணத்திலும் உருளைக்கிழங்கு பயிரிடப்படுகின்றது. தமிழகச் சமவெளியில் நவம்பர் மாதத்தில் நட்டு, கோடை தொடங்குமுன் அறுவடை செய்வதே பொருத்தமானது. சென்னை போன்ற கடலோர நகரங்களில் சனவரி மாதத்திலும் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. எனவே அங்கு விளைச்சல் குறைவாகவே இருக்கும்.

நிலத்தைவிடப் பை விரைவில் சூடேறும். கருப்பு நிறப் பைகள் வெயிலை மிகுதியாக உறிஞ்சுவதால் வெண்ணிறப் பையோ சணல் சாக்கோ சிறந்தது. செடிக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் தேவை. இலைகளுக்கு வெயிலும் பையின் பக்கங்களுக்கு நிழலும் கிடைக்குமாறு அமைப்பது நன்று.

விதைக்கிழங்கு

30 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்குகள் நடுவதற்கு ஏற்றவை. பெரிய கிழங்காயின் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்களாவது இருக்குமாறு வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைக்க வேண்டும். ஈரத்துடன் நட்டால் துண்டு அழுகக்கூடும்.

கடைகளில் சமையலுக்கு விற்கப்படும் கிழங்குகள் சில வேளைகளில் முளைப்பதில்லை. அவை முளைப்பைத் தடுக்கும் பொருள் இடப்பட்டவையாக இருக்கலாம். அல்லது அண்மையில் அறுவடை செய்யப்பட்டு உறக்க நிலையில் இருக்கலாம். முளைத்தாலும் அவற்றில் நோய் மறைந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே சான்று பெற்ற விதைக்கிழங்கை வாங்குவதே பாதுகாப்பானது. நடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பு, நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் பரப்பி வைத்தால் குட்டையான, உறுதியான முளைகள் தோன்றும்.

பையும் மண் கலவையும்

30 முதல் 45 செ.மீ. உயரமும் ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவும் உள்ள பையில் இரண்டு அல்லது மூன்று விதைக்கிழங்குகளை நடலாம். அடியிலும் பக்கங்களின் கீழ்ப்பகுதியிலும் நீர் வடியத் துளைகள் இருத்தல் வேண்டும். மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து பயன்படுத்தலாம். கலவை சற்றே அமிலத் தன்மை உடையதாக இருத்தல் நல்லது. சுண்ணாம்போ சாம்பலோ மிகுதியாகச் சேர்த்தால் கிழங்கின் தோலில் சொறி நோய் கூடும். தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிக் கிழங்கு பிடிப்பது தாமதமாகும்.

நடும் முறை

1. பையின் விளிம்பைக் கீழே மடித்துவிட்டு, அடியில் 15 செ.மீ. உயரத்திற்குக் கலவையை நிரப்ப வேண்டும்.
2. விதைக்கிழங்குகளை முளை மேல்நோக்கி இருக்குமாறு இடைவெளி விட்டு வைத்து, 10 செ.மீ. கலவையால் மூட வேண்டும்.
3. தளிர்கள் 15 முதல் 20 செ.மீ. வளர்ந்ததும், நுனி இலைகள் மட்டும் வெளியே தெரியுமாறு மேலும் கலவை இட்டு மண் அணைக்க வேண்டும்.
4. செடி வளர வளர விளிம்பை உயர்த்தி, பை நிறையும்வரை இதனைத் தொடர வேண்டும். நீர் ஊற்ற மேலே 5 செ.மீ. இடம் விடுதல் நல்லது.

பை எவ்வளவு உயரமோ அவ்வளவு அடுக்குகளாகக் கிழங்கு காய்க்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. நடைமுறையில் பெரும்பாலான வகைகளில் கிழங்குகள் விதைக்கிழங்கை ஒட்டிய பகுதியிலேயே திரள்கின்றன. மண் அணைப்பதன் முதன்மைப் பயன் கிழங்கை வெளிச்சத்திலிருந்து மறைப்பதே ஆகும். ஒரு மீட்டர் உயரப் பையால் கலவைதான் கூடுதலாகச் செலவாகும்.

நீர்ப்பாசனம்

கலவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக் கூடாது. விரலை 5 செ.மீ. ஆழம் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் நீர் விடலாம். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரேயடியாக நீர் ஊற்றினால் கிழங்குகள் வெடிக்கவோ உருத்திரியவோ கூடும்.

நோய்களும் பூச்சிகளும்

பின்பருவக் கருகல் நோய் குளிரும் ஈரமும் உள்ள காலத்தில் விரைந்து பரவும். 1845 ஆம் ஆண்டில் அயர்லாந்தில் இந்நோய் பயிரை அழித்ததால் தொடங்கிய பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். இலைகளில் நீர் கோத்தது போன்ற கரும்புள்ளிகள் கண்டால் உடனே அவற்றை அகற்றி அழிக்க வேண்டும். இலைகளை நனைக்காமல் அடியில் நீர் விடுவது நோயைக் குறைக்கும்.

வெளியே தெரியும் கிழங்குகளில் அந்துப்பூச்சி முட்டையிடுவதால், அதற்கும் மண் அணைத்தலே முதல் காப்பாகும். முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் 1961 ஆம் ஆண்டில் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். புதிய கலவை இட்ட பை இத்தகைய நிலத்திலிருந்து பயிரைப் பிரித்து வைக்கின்றது. ஆனால் விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு நூற்புழு உள்ளே வந்துவிட்டால் இந்நன்மை இல்லாமற் போகும்.

பச்சை நிறக் கிழங்கின் நச்சுத்தன்மை

வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாக மாறும். பச்சையம் தீங்கற்றது, ஆனால் அதே வெளிச்சத்தால் சொலனைன், சாக்கோனைன் என்னும் நச்சுப்பொருட்களும் பெருகக்கூடும். இவை வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவற்றை உண்டாக்கும். வேகவைப்பதால் இந்நச்சு நீங்குவதில்லை. எனவே மிகுதியாகப் பச்சை படிந்த அல்லது கசக்கும் கிழங்கை உண்ணக் கூடாது. பூத்த பின் தோன்றும், சிறு தக்காளியை ஒத்த பச்சைக் காய்களும் இலைகளும் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகள் உள்ள வீட்டில் அக்காய்களைக் கிள்ளிவிடுதல் நலம்.

அறுவடையும் சேமிப்பும்

குறுகிய கால வகைகள் 70 முதல் 90 நாட்களிலும் மற்றவை 90 முதல் 120 நாட்களிலும் முதிரும். எல்லா வகைகளும் பூப்பதில்லை. ஆகவே இலைகள் மஞ்சளாகிச் சாய்வதே நம்பத்தக்க அறிகுறியாகும். அப்போது நீர் விடுவதை நிறுத்தி, இரண்டு வாரங்கள் கழித்துப் பையைக் கவிழ்த்தால் கிழங்கின் தோல் உறுதிப்பட்டிருக்கும். தகுந்த குளிரில் ஒரு செடியிலிருந்து அரை முதல் ஒரு கிலோகிராம் வரை எதிர்பார்க்கலாம்.

கிழங்குகளைக் கழுவாமல் மண்ணை மட்டும் உதறி, இருண்ட, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வெட்டுப்பட்டவற்றை முதலில் சமைத்துவிடலாம். பயன்படுத்திய கலவையில் அடுத்த பருவத்தில் உருளைக்கிழங்கையோ தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றையோ நடாமல், கீரை அல்லது அவரை இனங்களைப் பயிரிடுதல் ஏற்றது. ஒரே குடும்பப் பயிர்களை அடுத்தடுத்து நட்டால் கலவையில் எஞ்சிய நோய்க்கிருமிகள் அவற்றையும் தாக்கக்கூடும்.