ஆலும் வேலும் கிராம்பும்

டெல்லிக் கடைத்தெருக்களில் வேப்பங்குச்சியும் வேலங்குச்சியும் கட்டுக்கட்டாக விற்கப்படுவதை அங்கே குடியேறிய நம்மவர் பலர் கண்டிருப்பர். அவ்வூரார் ‘கீக்கர்’ என்பது நமது கருவேலமே. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழி அங்கேயும் செல்லுபடியாகிறது. அவ்வுறுதி எத்தகையது, அதன் எல்லை எது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பற்சொத்தைக்கு முக்கியக் காரணமான கிருமியை 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் கண்டறிந்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் எனப் பெயரிட்டார். நாம் உண்ணும் சர்க்கரையே அதற்கு ஆயுதம். அதைக்கொண்டு பிசின் போன்ற ஒரு பொருளை உண்டாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் அமிலத்தை உண்டாக்கி எனாமலைக் கரைக்கிறது.

மூலிகைகளின் சுவையிலேயே அவற்றின் வேலை தெரிகிறது. ஆல், வேல் ஆகியவற்றின் பட்டை துவர்ப்பதற்குக் காரணம் டானின். அது புரதங்களைப் பற்றிப் பிணைக்கும். கிருமியின் பிசினை உண்டாக்கும் நொதியும் புரதமே. ஆதலின் கிருமியின் பிடி தளர்கிறது. வேம்பின் கைப்பை ஆராய்ந்த சலீமுஸ்ஸமான் சித்திக்கீ, 1942இல் நிம்பின், நிம்பிடின் முதலிய பொருள்களை வேப்பெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். வேப்பங்குச்சியின் சாறு, கிருமிகள் பல்லில் படிவதைக் குறைப்பதாகப் பிற்காலச் சோதனைகள் காட்டின. கிராம்பின் கார்ப்புக்குக் காரணமான யூஜினால், கிருமியின் மேலுறையைச் சிதைப்பதோடு வலியையும் மரக்கச் செய்கிறது.

எச்சரிக்கை தேவைப்படுவதும் இவ்விடத்திலேதான். நோவு தணிந்தால் நோயே தணிந்ததென எண்ணிவிடுகிறோம். புதிய ஊரில், மொழி அறியாத மருத்துவரிடம் செல்லக் கூசி, கிராம்புத் தைலத்தைக் கொண்டே நாட்களைக் கடத்துவோர் உண்டு; நாமும் அவ்வாறு கடத்தி ஒரு கடைவாய்ப் பல்லை இழந்தோம். சோதனைக் குழாயில் கிருமியை அடக்கும் சாறு, உமிழ்நீர் ஊறும் வாயில் நெடுநேரம் தங்குவதில்லை. குழி விழுந்த பல்லை எந்தப் பட்டையும் மீண்டும் வளர்ப்பதில்லை. குழிக்குள் சொத்தை ஓசையின்றி ஆழ்ந்துகொண்டே போகும்.

ஆகவே குச்சியைக் கைவிட வேண்டுவதில்லை; இனிப்பைக் குறைப்போம்; இரவிலும் பல் துலக்குவோம். வலி தோன்றினால், கிராம்பை அன்றிரவுக்கு மட்டுமே துணையாகக் கொண்டு, மறுநாளே மருத்துவரை நாடுவோம். ‘பல்லில் வலி இருக்கிறது’ என்பதை இந்தியில் சொல்ல, ‘தாந்த் மே தர்த் ஹை’ என்னும் நான்கு சொற்கள் போதும்.